கட்டணத்தைக் குறைக்கும் முன் நோட்டைத் திறங்கள்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்):

நான் பி.டி.எஸ். முடித்த பல் மருத்துவர். வயது 31. இரண்டு வருடத்துக்கு முன் சென்னை கொளத்தூரில் சொந்தமாகக் கிளினிக் தொடங்கினேன். முதல் மாடி, ஒரு சேர். கடன் 18 லட்சம். நாளுக்கு நான்கைந்து பேர் வருகிறார்கள். மாத வரவு 2,10,000 ரூபாய், ஆனால் கையில் நிற்பது 14,000தான். ஆறு மாதத்துக்கு முன் பக்கத்துத் தெருவில் பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனம் வந்துவிட்டது. பரிசோதனை இலவசம், எல்லாச் சிகிச்சைக்கும் தள்ளுபடி என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நானும் கட்டணத்தை 20 சதவீதம் குறைக்கலாமா? ஆள் அனுப்பினால் கமிஷன் வேண்டும் என்று ஒரு மருந்துக் கடைக்காரர் கேட்கிறார். கொடுக்கலாமா? தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் மெஷின் வாங்கினால் கூட்டம் வரும் என்கிறார் டீலர். கணவரோ மூடிவிட்டு எங்காவது சம்பளத்துக்குப் போகச் சொல்கிறார். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். போன மாதக் கணக்கையும், வெளியிலிருந்து வந்து சிகிச்சை செய்யும் கன்சல்டன்ட் டாக்டரின் பில்லையும், கேப் செய்து தரும் லேப்பின் பில்லையும் அனுப்பியிருக்கிறேன்.

— கொளத்தூர் வாசகி

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

கணக்கை மறைக்காமல் அனுப்பியதற்கு முதலில் நன்றி. ஆலோசனை கேட்கும் இளம் மருத்துவர்கள் பெரும்பாலும் "கூட்டம் இல்லை மேடம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் லேப் பில் வரை அனுப்பியதால் உங்கள் கிளினிக்குக்குள் வந்து உட்கார்ந்து பார்த்த மாதிரி இருக்கிறது. வில்லிவாக்கத்தில் 27 வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். உங்கள் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: மூட வேண்டாம், கட்டணத்தைக் குறைக்க வேண்டாம், மெஷின் வாங்க வேண்டாம். ஏன் என்பதற்கான பதில் நீங்கள் அனுப்பிய காகிதங்களிலேயே இருக்கிறது.

வாடகை 26,000, கடன் தவணை 41,000, இரண்டு பெண்களுக்குச் சம்பளம் 27,000, கரண்ட், தண்ணீர், கழிவு எடுப்பவர்களுக்கு எல்லாம் சேர்த்து 11,000, இணைய விளம்பரத்துக்கு 15,000. இதன் மொத்தம் 1,20,000. ஒருவர்கூட வராவிட்டாலும் இந்தப் பணம் போகும். மாதம் 26 நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் திறந்திருக்கிறீர்கள். வகுத்துப் பார்த்தால், உங்கள் சேர் சும்மா இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 660 ரூபாய் செலவு. வேலை நடந்தால் மட்டும் ஆகும் செலவு தனி: மெட்டீரியல் 22,000, லேப் 24,000, கன்சல்டன்ட் 30,000, ஆக 76,000.

இப்போது 20 சதவீதத்தைக் குறைத்துப் பாருங்கள். அதே ஆட்கள், அதே வேலை என்றால் வரவு 1,68,000 ஆகும். லேப்காரர் உங்களுக்காகத் தன் விலையைக் குறைக்க மாட்டார், கன்சல்டன்ட்டும் குறைக்க மாட்டார். 76,000 போக மிஞ்சுவது 92,000. மாறாத செலவு 1,20,000. ஆக மாதம் 28,000 கைநஷ்டம். இன்று நிற்கிற அந்த 14,000 மறுபடி நிற்க வேண்டுமானால் இப்போது 100 பேருக்குச் செய்யும் வேலையை 146 பேருக்குச் செய்ய வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு உழைத்து அதே 14,000. பல கிளை வைத்திருப்பவர்கள் மெட்டீரியலை மொத்தமாக வாங்குவார்கள், ஒரு கிளையின் நஷ்டத்தை இன்னொரு கிளை தாங்கும். அவர்களுக்கு அது கட்டுப்படியாகலாம். உங்களுக்கு ஆகாது.

அப்படியானால் எங்கே தவறுகிறது? உங்கள் இரண்டு பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன மாதம் கன்சல்டன்ட் 20 ஆர்.சி.டி., அதாவது வேர் சிகிச்சை, செய்திருக்கிறார், தலா 1,500 ரூபாய். அதே மாத லேப் பில்லில், அந்தப் பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் ஒன்பதுதான். மிச்சம் பதினொரு பல் என்ன ஆயிற்று? முன்பற்கள் சிலவற்றுக்குக் கேப் தேவைப்படாது என்று மூன்று நான்கைக் கழித்தாலும், மாதம் ஏழெட்டுக் கடைவாய்ப் பற்கள் வேர் சிகிச்சை முடிந்து, வெறும் சிமெண்டோடு ஊருக்குள் நடமாடுகின்றன.

இதைப் படித்ததும் எனக்குள் ஒரு பழைய வலி எழுந்தது. நான் கிளினிக் வைத்த முதல் வருடம். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி, கீழ்க் கடைவாயில் தாங்க முடியாத வலியோடு வந்தார். ஊசி போட்டு உடனே ஆர்.சி.டி. ஆரம்பித்துவிட்டேன். மூன்று சிட்டிங் முடிந்தது, வலி போனது. அதற்கு அப்புறம்தான் "கேப் போடணும்மா, இவ்வளவு ஆகும்" என்றேன். அவர் முகம் மாறியது. "அவர்கிட்ட கேட்டுட்டு வரேன் டாக்டரம்மா" என்று போனவர் வரவில்லை. நானும் போன் செய்யவில்லை. பணத்துக்காகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சம். இரண்டு வருடம் கழித்து வந்தார். முறுக்கு கடித்ததில் பல் நடுவில் பிளந்து, பிளவு வேர் வரை இறங்கியிருந்தது. எடுப்பதைத் தவிர வழியில்லை. மூன்று சிட்டிங் உட்கார்ந்து நான் காப்பாற்றிய பல்லை நானே பிடுங்கினேன். அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை. "நான்தான் வரல" என்றார். ஆனால் கேப் இல்லாத கடைவாய்ப் பல் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

அன்று இரவு நோயாளிகளின் பெயர் எழுதும் என் நோட்டை எடுத்து, ஆர்.சி.டி. என்று எழுதிக் கேப் என்று எழுதாத பெயர்களை எல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டேன். மறுநாளிலிருந்து நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கிளினிக் அங்கிருந்துதான் நிமிர ஆரம்பித்தது.

உங்களிடமும் அந்த நோட்டு இருக்கிறது. இரண்டு வருடத்தில் 1,100 பெயர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனை பேர் உங்களை நம்பி வாயைத் திறந்திருக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கும் க்ளீனிங்குக்கும் வந்தால்கூட மாதம் 60 பேர், நாளுக்கு இரண்டு பேருக்கு மேல். இன்று வரும் நான்கைந்து பேரோடு இதைக் கூட்டிப் பாருங்கள். ஒரு தனிக் கிளினிக்கைத் தாங்குவது, வலியில்லாதபோதும் வருகிற இந்தப் பழைய முகங்கள்தான். பக்கத்துத் தெரு போர்டு புதியவர்களைத்தான் இழுக்கும். உங்களிடம் ஏற்கெனவே வந்தவரை உங்களிடமிருந்து பிரிப்பது பெரும்பாலும் உங்கள் மௌனம்தான்.

எப்படிக் கூப்பிடுவது என்பது முக்கியம். ரிசப்ஷன் பெண்ணை விட்டு, "மேடம், உங்களுக்கு கேப் பெண்டிங் இருக்கு, எப்போ வரீங்க" என்று கேட்க வைக்காதீர்கள். கடன் வசூல் மாதிரி இருக்கும். முதல் சுற்று நீங்களே பேசுங்கள். காலை 11 மணிக்கு, சேர் காலியாக இருக்கும்போது, நாளுக்கு ஐந்து பேர் போதும். "அம்மா, நான் பல் டாக்டர் பேசறேன். மார்ச் மாசம் வலது பக்கம் கீழ்ப்பல் பண்ணோமே, இப்போ எப்படி இருக்கு? அந்தப் பக்கம் சாப்பிட முடியுதா?" அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் அவர்களாகவே, "கேப் போடச் சொன்னீங்க, நான்தான் வரல" என்பார்கள். காசு இல்லை என்றால் அதையும் சொல்வார்கள். அப்போது மூன்று தவணையில் கட்டலாம் என்று சொல்லுங்கள். மெட்டல் கேப் போதும் என்றால் அதையே போடுங்கள். உள்ளே இருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு மெட்டல் கேப் தாழ்ந்த சிகிச்சை இல்லை. பல நேரம் பல்லைக் குறைவாகச் சீவினால் போதும், நன்றாக உழைக்கவும் செய்யும். "வெள்ளையா இருந்தாத்தான் நல்லது" என்று எல்லோரையும் ஜிர்கோனியாவுக்குத் தள்ளுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்தப் போன் தேவையான சிகிச்சைக்காக மட்டுமே. தேவையில்லாத பல்லுக்குக் கேப், இன்னும் சொத்தையே ஆகாத பள்ளத்துக்கு ட்ரில் என்று ஒரு முறை இறங்கிவிட்டால், கொளத்தூர் மாதிரி எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கும் பகுதியில் அது நான்கு தெருவுக்குத் தெரிந்துவிடும். அதைவிட, நமக்கே இரவில் தூக்கம் வராது.

அப்புறம் விலை. வலியோடு வருபவருக்கு முதலில் வலியை நிறுத்துங்கள். வலி நின்றதும், அடுத்த வேலையைத் தொடங்கும் முன், முழுச் செலவையும் தமிழில், காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஆர்.சி.டி. இவ்வளவு, கேப் இவ்வளவு, எத்தனை தடவை வர வேண்டும், கேப் போடாவிட்டால் என்ன ஆகலாம், பல்லை எடுத்துவிட்டால் என்ன செலவு, எடுத்த இடத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும். எல்லாம் அரைப் பக்கத்தில் அடங்கும். அதை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். நம் ஊரில் பல்லுக்குச் செலவு செய்வதை ஒருவர் மட்டும் முடிவு செய்வதில்லை, வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வார்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்து தவிர மற்றபடி பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. எனவே அது முழுக்க அவர்கள் சேமிப்பிலிருந்து வரும் பணம். அந்தப் பேச்சில் உங்கள் காகிதம் நடுவில் இருந்தால், நீங்களே அங்கே உட்கார்ந்து விளக்குவது போல. அதன் நகலில் கையெழுத்து வாங்கி எக்ஸ்ரேயோடு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகராறு என்று வரும் நாளில் வாய்வார்த்தை நிற்காது.

பேசும்போது அவர்கள் பயங்களையும் காது கொடுத்துக் கேளுங்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும், க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்று நம்பி எத்தனை பேர் வராமலே இருக்கிறார்கள்! சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். கண்ணாடியைக் கையில் கொடுத்து, பல் இடுக்கில் காரை எப்படி ஈறைத் தள்ளி வைத்திருக்கிறது, எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் காட்டுங்கள். காரை பல்லைப் பிடித்து வைத்திருப்பது போலத் தோன்றும், எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஒரு பாட்டிக்கு இது புரிந்தால் அவர் மூலம் ஒரு குடும்பமே வரும். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லைப் பால் பல் என்று நினைத்து விட்டுவிடும் அம்மாக்களும் அப்படித்தான். "இது விழுந்து முளைக்காதும்மா, ஆயுசுக்கும் இதுதான்" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். அந்தக் குழந்தைகள்தான் பின்னாளில் கிளிப் போட உங்களிடம் வருவார்கள். என்னிடம் வந்த சிலர் இன்று தங்கள் குழந்தைகளைக் கூட்டி வருகிறார்கள்.

கமிஷனுக்கு வருகிறேன். கொடுக்கவே கூடாது. பல் மருத்துவர்களுக்கான 2014 நெறிமுறை விதிகள் ஆள் அனுப்புவதற்குப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. சட்டத்தை விடுங்கள், உங்கள் கணக்கையே பாருங்கள். இன்று உங்கள் வரவில் செலவெல்லாம் போக நூற்றுக்கு ஏழு ரூபாய்கூட மிஞ்சவில்லை. கமிஷன் கொடுக்க அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நோயாளியின் பில்லில் ஏற்றுவீர்கள், இல்லையென்றால் மெட்டீரியலில் குறைப்பீர்கள். மூன்றாவது வழி இல்லை.

ஆனால் மற்ற மருத்துவர்களோடு உறவு வேண்டும், அதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில் பொது மருத்துவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் வருபவர்களில் சர்க்கரை நோயாளிகள் நிறையப் பேர் இருப்பார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் கடினம். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். உங்களிடம் ஈறு வீங்கி, பல் ஆடி வரும் 45 வயதுக்காரருக்குச் சர்க்கரை பார்க்கச் சொல்லி, அந்த டாக்டருக்கு உங்கள் லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதி அனுப்புங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குப் பல் எடுக்கும் முன் நீங்களாக மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவருடைய டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், முடிந்ததும் என்ன செய்தீர்கள் என்று பதிலும் அனுப்புங்கள். ஆறு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். "பல்லா? அந்த மாடி கிளினிக் டாக்டரம்மாகிட்ட போங்க" என்று அவரே சொல்வார். எனக்கு இன்றும் ஆள் அனுப்பும் மூன்று மருத்துவர்களில் ஒருவருக்கும் நான் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை.

விளம்பரத்துக்குப் போகும் 15,000 ரூபாயையும் நிறுத்துங்கள். நோயாளிகளை விளம்பரத்தால் கவர்ந்திழுப்பது நம் நெறிமுறைக்கே ஒத்துவராது. அந்த ஏஜென்சி அனுப்பிய அறிக்கையைப் பார்த்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இருக்கிறதே தவிர, எத்தனை பேர் படியேறி வந்தார்கள் என்று இல்லை. கூகுள் மேப்பில் உங்கள் இடம், நேரம், போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இப்போது அதில் இரவு 8 மணிக்கு மூடல் என்று இருக்கிறது, நீங்களோ 9 வரை உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைத் திருத்தக் காசு ஆகாது. ரிவ்யூவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். யாராவது குறை எழுதினால் அவர் சிகிச்சை விவரத்தைப் பொதுவில் எழுதாமல், நேரில் வரச் சொல்லி இரண்டே வரியில் பதில் போடுங்கள்.

ஸ்கேன் மெஷின். உங்களுக்கு மாதம் எத்தனை சி.பி.சி.டி. தேவைப்படுகிறது? கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், போன மாதம் இரண்டு. அதை எடுத்துக் கொடுக்கும் சென்டர்கள் அண்ணா நகரிலும் பெரம்பூர் பக்கமும் இருக்கின்றன. இரண்டு ஸ்கேனுக்காக இன்னொரு கடன் வாங்கினால், தவணை கட்டுவதற்காகத் தேவையில்லாதவருக்கும் ஸ்கேன் எழுதத் தோன்றும். நல்லவர்களையும் அந்த இடத்துக்குத் தவணை கொண்டுபோய் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

செலவழித்தே ஆக வேண்டும் என்றால், பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் வாங்குங்கள். உங்களிடம் இரண்டு இருக்கிறது என்கிறீர்கள். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஒரு சுற்று முடிந்து காய்ந்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு மூன்று பேர் வரிசையாக வந்தால் மூன்றாமவருக்கு என்ன செய்கிறீர்கள்? ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் போடுகிறீர்களா? நேரடியாகக் கேட்பதற்கு மன்னியுங்கள், ஆனால் நிறைய இடங்களில் நடப்பது அதுதான். துடைத்தால் வெளிப்புறம் சுத்தமாகும், உள்ளே உறிஞ்சப்பட்ட எச்சிலும் ரத்தமும் அப்படியே இருக்கும். குறைந்தது ஆறு ஹேண்ட்பீஸ் வேண்டும், ஒரு ஆளுக்கு ஒன்று. 134 டிகிரியில் சுத்தமான பவுச்சை அவர் கண் முன்னால் கிழித்துத் திறங்கள். ஆட்டோகிளேவ் கிருமிகளை உண்மையிலேயே கொல்கிறதா என்று பார்க்க வாரம் ஒரு முறை ஸ்போர் டெஸ்ட் செய்து தேதியோடு எழுதி வையுங்கள். ஆட்டோகிளேவுக்கு போர் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். நம் பகுதி உப்புத் தண்ணீர் ஒரு வருடத்தில் அதன் உள்பக்கத்தை அரித்துவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான். சேரில் வரும் தண்ணீருக்கும் தனி பாட்டில் வைத்து, ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் அரை நிமிடம் ஓடவிடுங்கள். அந்த மெல்லிய குழாய்களுக்குள் பாசி மாதிரி கிருமிப் படலம் படியும். பவுச்சைக் கிழிக்கும் அந்தச் சத்தத்தை நோயாளிகள் கவனிக்கிறார்கள். ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்கவே கேட்கிறார்கள்.

கன்சல்டன்ட் விஷயத்தில் ஒரு யோசனை. 20 ஆர்.சி.டி.யையும் அவரே செய்திருக்கிறார். முன்பல்லும் ஒரு வேர் உள்ள சிறிய கடைவாய்ப் பல்லும் உங்களால் செய்ய முடியாதா? படித்திருக்கிறீர்கள், இன்டர்ன்ஷிப்பில் செய்திருக்கிறீர்கள். கை விட்டுப்போனது போல் பயம் இருந்தால், அவர் செய்யும்போது நான்கைந்து முறை கூட நின்று பாருங்கள், பிடுங்கிய பற்களில் பழகுங்கள். வளைந்த வேர், ஏற்கெனவே செய்து கெட்டுப்போனது, வாய் முழுக்கத் திறக்க முடியாதவர், இவர்களை அவருக்கே விடுங்கள். இருபதில் எட்டு நீங்கள் செய்தால் மாதம் 12,000 மிச்சம். இன்னொன்றும் உண்டு. "வர புதன்கிழமை டாக்டர் வருவார், அப்போ வாங்க" என்று திருப்பி அனுப்பப்படும் நோயாளி, வலி மாத்திரையில் அடங்கியதும் வருவதில்லை. உங்கள் கையே வேலை செய்தால் அவர் அன்றே தங்குவார்.

நேரத்தையும் மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூடுகிறீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் கடைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்குப் பல்லைக் காட்ட கிடைக்கும் ஒரே காலை அதுதான். ஞாயிறு 9 முதல் 1 வரை திறந்து, செவ்வாய்க்கிழமை விடுமுறை எடுங்கள். செவ்வாய், வெள்ளியில் பல் பிடுங்க வேண்டாம் என்று எப்படியும் பாதிப் பேர் தள்ளிப் போடுகிறார்கள். செவ்வாய் முழுநாளும் மகளோடு இருக்கலாம். முதல் மாடி என்பதால் மூட்டு வலிக்காரர்கள் தயங்குவார்கள். கீழே ஒரு நாற்காலியும் அழைப்பு மணியும் வையுங்கள், அசிஸ்டென்ட் இறங்கி வந்து கைபிடித்து அழைத்து வரட்டும். அந்த இரண்டு பெண்களில் யாராவது ஒருவர் நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விளம்பரத்தில் மிஞ்சும் பணத்தில் இருவருக்கும் ஆயிரம் ஆயிரம் கூட்டிக் கொடுங்கள். நோயாளியின் பெயரும் அவர் பயமும் தெரிந்த அசிஸ்டென்ட் வேலையை விட்டுப் போனால், அந்த நோயாளிக்குக் கிளினிக் மறுபடி புது இடமாகிவிடும்.

அனுமதிகளைப் பற்றி "இன்னும் எடுக்கவில்லை, பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இன்படி பதிவு வேண்டும், மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு வேண்டும், அதை இணையத்திலேயே செய்யலாம். மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறை சிவப்பில், ஊசி, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கழிவு எடுப்பவருக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள், அந்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். தொழில் காப்பீடும் எடுத்துவிடுங்கள். கம்ப்ரஸர் கீழே மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது என்கிறீர்கள். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. ஐப்பசிக்கு முன் அதை மேலே ஏற்றிவிடுங்கள்.

இனி உங்கள் கணவருக்கு. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாலை முழுவதும் மனைவி வீட்டில் இல்லை, வருவது 14,000 என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். கேப் போடாத பற்களில் மாதம் ஐந்து பேர் மட்டும் திரும்பி வந்தால், நீங்கள் வாங்கும் 4,500-இல் லேப் 1,800 போக, 13,500 கிடைக்கும். விளம்பரத்தில் 15,000-இல் சம்பள உயர்வு 2,000 போக 13,000. நீங்களே செய்யும் ஆர்.சி.டி.யில் 12,000. இன்றைய 14,000-ஐயும் சேர்த்தால் 52,500. இதில் ஒரு புதிய நோயாளியைக்கூட நான் சேர்க்கவில்லை. கடன் தவணையில் இன்னும் மூன்று வருடம்தான் பாக்கி. அது முடிந்ததும் 41,000 உங்கள் பக்கம் திரும்பும். முதல் 20,000-ஐ டாக்டர் சம்பளம் என்று எழுதித் தனிக் கணக்கில் போடுங்கள். நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலில் எல்லோருடைய சம்பளமும் இருக்கிறது, உங்களுடையது இல்லை.

அவரிடம் ஆறு மாதம் கேளுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் கையில் 35,000 நிற்கவில்லை என்றால் அவர் சொல்வதைத் தீவிரமாக யோசிக்கலாம், அப்போது நானும் உங்களோடு யோசிக்கிறேன். அதுவரை மாதம் ஒரு முறை மூன்றே எண்களை எனக்கு எழுதுங்கள்: எத்தனை பேரைக் கூப்பிட்டீர்கள், அதில் எத்தனை பேர் வந்தார்கள், ஆர்.சி.டி. முடிந்த கடைவாய்ப் பற்களில் எத்தனைக்குக் கேப் ஏறியது. நாளைக் காலை சிவப்புப் பேனாவோடு நோட்டில் உட்காருங்கள். ஒரு வருடத்துக்கு மேலானவர்களிலிருந்து தொடங்குங்கள், அந்தப் பற்களுக்குத்தான் அவசரம்.

அன்புடன்,
வில்லிவாக்கத்திலிருந்து உங்கள் மூத்த சகோதரி